பின்னால் போகாத லாரி

டிப்போவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு பஸ் ஓட்டுவதைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. இப்போது வருகிற வண்டிகளில் ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பலாம். எங்கள் காலத்தில் தோள்பட்டை கழன்றுவிடும். அந்தக் கதையையெல்லாம் சொல்லி உங்களைச் சலிப்படைய வைக்க மாட்டேன். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய காரியம். தொழிலை எங்கே போய்க் கற்றுக்கொள்வது என்கிற காரியம்.

ஓய்வு பெற்ற பிறகும் என்னைத் தேடி வந்து கேட்கிறார்கள். "பையன் டிரைவர் வேலைக்குத்தான் போவேங்கிறான், எந்த ஸ்கூல்ல சேக்கலாம்?" என்று. அடுத்து எல்லோரும் ஒரே மாதிரி கேட்பார்கள். லைசென்ஸ் சீக்கிரம் வருமா, வண்டி புதுசா, வீட்டுக்குப் பக்கமா. நானும் அந்தக் காலத்தில் இதையெல்லாம் கேட்டேன். எனக்குக் கவலைப்படுவதுதான் பிறவித் தொழில், டிரைவர் வேலை அதற்கு அப்புறம் வந்தது. ஆகவே இன்னும் பல கேள்வி கேட்டேன். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். கோட்டையில் ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. நில உச்சவரம்பு என்று பேச்சு பலமாக அடிபட்டதும், மிராசுதார்கள் குத்தகைக்காரர்களை இறக்கிவிட்டுச் சொந்தப் பண்ணை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அப்பா உழுத நிலம் அப்படித்தான் கையை விட்டுப் போனது. கூலிக்குப் போகலாம் என்றால் அறுவடைக்கு வெளியூர் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வரப்புக்கு வரப்பு செங்கொடி நின்றது. போலீஸ் எப்போது வரும், யாரைப் பிடிக்கும் என்று தெரியாது. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு வயலில் இறங்கியவன் நான். இப்போது வயலும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்க பஸ் கிராமத்துக்கெல்லாம் வரத் தொடங்கியது. எட்டாவது படித்து ஹெவி லைசென்ஸ் வைத்திருந்தால் எடுத்துக்கொள்கிறார்கள் என்று டீக்கடையில் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டு எங்கள் தெருவிலிருந்து கிளம்பியது இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று தங்கராசு, என் மாமன் மகன். அவன் தங்கை சரோஜாவை எனக்குக் கட்டிக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்திருந்ததால் மச்சான் முறை இரண்டு மடங்காகியிருந்தது.

டிரைவிங் ஸ்கூல் இரண்டு தெரிந்தது. ஒன்று தஞ்சாவூரில். இன்னொன்று எங்களுக்குப் பக்கத்தில், பெரிய கோயிலும் தேரும் உள்ள ஒரு சின்ன ஊரில்.

"தஞ்சாவூருக்கே போவோம் மாப்ள" என்றான் தங்கராசு. "அங்க எவன் வீட்டுத் தாவாரத்துலயாவது படுத்துக்கலாம்."

"ஊர்ல ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா, நீ இங்க இருந்து என்ன பண்ணப்போற? அருவாளைத் தூக்கிட்டு முன்னால நிக்கப் போறியா?"

"அப்பாவைப் பிடிச்சுட்டுப் போயிட்டா?"

"பிடிச்சா, நீ வந்து பின்னாலயே ஓடுவியா? அழுவாம கெளம்புடா."

அவன் தஞ்சாவூருக்குப் போனான். நான் கிளம்பவில்லை. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடக்கூடிய ஸ்கூல்தான் எனக்கு வேண்டியிருந்தது. கோயில் ஊர் மாஸ்டரிடம் போய் உட்கார்ந்து அவரைக் குடைந்து எடுத்தேன். லைசென்ஸ் கட்டாயம் வாங்கித் தருவீங்களா, பாதியில ஊரை விட்டுப் போயிட மாட்டீங்களே, பிரேக் பிடிக்குமா, வண்டிமேல கேஸு கீஸு உண்டா, என்ன சாதின்னு பார்த்து ஓரமா நிக்க வப்பீங்களா. மனுஷர் நல்லவர். எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். பதில் எல்லாம் உண்மையும்கூட. லாரி பின்னால் போகுமா என்று மட்டும் நான் கேட்கவில்லை. ஒரு லாரியைப் பார்த்து அப்படி யாருக்காவது கேட்கத் தோன்றுமா, சொல்லுங்கள்.

அந்த லாரிக்கு ரிவர்ஸ் கியர் விழாது. பல் தேய்ந்து போய்விட்டது. மாஸ்டர் அதைப் பழுது பார்க்கவும் இல்லை, ஏனென்றால் தேவைப்படவில்லை. காலையில் தேரடியில் கிளம்பி, கோயிலைச் சுற்றியுள்ள நாலு வீதியையும் வலம் வந்து மறுபடி தேரடியிலேயே நிறுத்துவோம். தேர் ஓடுவதற்காகப் போட்ட வீதி, அகலத்துக்குக் குறைவில்லை. மூலை நாலிலும் தேர் திரும்ப இடம் விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் லாரிக்குப் பின்னால் போகிற வேலையே வராது.

ஒருநாள் ஒரு பையன் கேட்டான். "மாஸ்டர், ரிவர்ஸ் எப்பக் கத்துத் தருவீங்க?"

"தேர் என்னிக்காவது ரிவர்ஸ்ல வந்து பாத்திருக்கியா? எத்தனை காலமா ஓடிக்கிட்டு இருக்கு, ஒரு குறை உண்டா?"

எல்லோரும் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தவன் நான்தான். கொடுமை என்னவென்றால், லைசென்ஸ் சோதனையும் அதே நாலு வீதியில்தான் நடந்தது. வந்த அதிகாரிக்கு அன்றைக்கு வேறு எங்கோ அவசரம். ஒரு சுற்று வந்தேன். கை கொடுத்தார்.

பிறகு நானும் தங்கராசும் அரசு பஸ்ஸில் ஒரே டிப்போவில் சேர்ந்தோம். தற்காலிக டிரைவர்கள், எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பலாம். சேரும்போது வைத்த சோதனையில் நேராகக் கொஞ்ச தூரம் பின்னால் எடுக்கச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன், எந்தச் சாமி புண்ணியமோ நேராகவே வந்தது. வளைத்து எடுக்கச் சொல்லியிருந்தால் அன்றே ஊர் திரும்பியிருப்பேன். நமக்கு வளைத்து எடுக்க வராது என்கிற பயம் அன்றிலிருந்து கூடவே வந்தது.

இந்தத் தொழிலில் முன்னால் ஓட்டுவதை யாரும் கவனிப்பதில்லை. நம் பக்கத்து ரோடெல்லாம் ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் போகிறது. எதிரே ஒரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். டிரைவர் யார் என்று அப்போதுதான் ஜனங்களுக்குத் தெரியும். தங்கராசு ரிவர்ஸ் எடுப்பதைப் பார்க்கவே ஆள் நிற்கும். கதவைப் பாதி திறந்து, தலையை வெளியே நீட்டி, ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை உருட்டுவான். பஸ்ஸின் பின்பக்கம் அவன் சொன்ன இடத்துக்குப் போய் நிற்கும், வளர்த்த மாடு கட்டுத்தறிக்குப் போகிற மாதிரி. அவன் போகிற ரூட்டில் கடைசி ஊரில் ரோடே முடிந்துவிடும். ஒரு பக்கம் குளம், ஒரு பக்கம் பள்ளிக்கூடச் சுவர். நடுவில் இருக்கிற நெல் களத்துக்குள் பஸ்ஸின் வாலை விட்டுத்தான் திருப்ப வேண்டும். அவன் ஒரே எடுப்பில் திருப்புவான். களத்தில் நெல் தூற்றுகிற பெண்கள் முறத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்களாம். இதை என்னிடம் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? சரோஜா. அதற்குள் எங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

"எங்கண்ணன் ஓட்டுற பஸ்ல ஏறுனா தொட்டில்ல படுத்தாப்புல இருக்கு" என்பாள், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே.

"நான் ஓட்டுறதுல?"

"உங்க பஸ்ல நான் எங்க ஏறுனேன்? நீங்கதான் கும்பகோணம், தஞ்சாவூர்னு பெரிய ரோடாப் பார்த்து வாங்கிக்கிறீங்களே."

உண்மைதான். திரும்புகிற இடத்தில் மைதானம் இருக்கிற ரூட்டாகப் பார்த்து மற்றவர்களிடம் டூட்டி மாற்றிக்கொள்வேன். அதற்காகப் பண்டிகை நாளில்கூட அடுத்தவன் டூட்டியைச் செய்து கொடுத்தேன். தங்கராசுக்கு விஷயம் தெரியும். வெளியே சொல்ல மாட்டான், தனியாக இருக்கும்போது மட்டும் சீண்டுவான். "மாப்ள, ஆண்டவன் உனக்குப் பின்னால ஒண்ணுமே வைக்கலடா." அவன் சொல்லாமல் இருந்த பெருந்தன்மைதான் எனக்கு அதிகமாக எரிந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அவன் கை நீளமா, கழுத்து நீளமா, கண் கூர்மையா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். இரண்டு பேரும் ஒரே குளத்தில் மாடு குளிப்பாட்டியவர்கள். அவனுக்கு மட்டும் எப்படி வந்தது?

ஒரு தை மாதம் அறுவடைக் கூலிக்காகச் செங்கொடிச் சங்கத்தார் வேலை நிறுத்தம் செய்தார்கள். வழக்கமாக அந்த ரூட் ஓட்டுகிறவருக்குக் காய்ச்சல் என்று என்னை எங்கள் ஊர்ப் பக்கமே அனுப்பிவிட்டார்கள். மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. கண்டக்டர் சந்தானம். பஸ்ஸில் பாதிக்குமேல் எங்கள் ஊர் ஜனம். என் முதுகுக்குப் பின்னால் இருந்த சீட்டில் தங்கராசு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவனுக்கு ஆஃப். தங்கையைப் பார்க்கத் துணிப்பையில் விரால் மீன் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தான். பைக்குள் மீன் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது.

ஆற்றுத் தண்ணீரைத் தடுத்து வாய்க்காலுக்குத் திருப்புகிற சட்ரஸ் ஒன்று வழியில் உண்டு. அங்கேதான் ரோடு கொஞ்சம் அகலம். அதைத் தாண்டிக் கரை வளைகிற இடத்தைக் கடந்தோம். எதிரே ஒரு டிராக்டர் வந்து நின்றது. பின்னால் டிரெய்லர் நிறைய ஆட்கள், பாதிக்குமேல் பெண்கள். எல்லோர் மடியிலும் கதிர் அறுவாள். வெளியூரிலிருந்து அறுப்புக்குக் கூட்டி வரப்பட்டவர்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

டிராக்டர்காரன் இறங்கி ஓடி வந்தான். "அண்ணே, பின்னால எடுங்கண்ணே! ஸ்டிரைக்குன்னு தெரியாமக் கூட்டியாந்துட்டாங்க. திருப்பிக் கொண்டுபோய் விட்டுடுறேன். ஆளு வர்றாங்கண்ணே பின்னால!"

"நீ எடுய்யா பின்னால" என்றார் சந்தானம்.

"டிரெய்லரோட இந்தக் கரையில எப்படி சார் எடுப்பேன்? ஆத்துலதான் போய் விழும்."

அவன் சொன்னது நியாயம். தூரத்தில் வயல் வழியாக, வரப்பைக்கூடப் பார்க்காமல், கொடியும் கம்புமாக ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் தெரு ஆட்கள்தான். அவர்கள் கோபம் எனக்குத் தெரியும், அது என் வீட்டுக் கோபமும்தான். ஆனால் நான் வழியை அடைத்துக்கொண்டு நின்றால் அந்த டிரெய்லர் கூண்டு மாதிரி அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் ஓடி வருகிற கூட்டம். டிரெய்லரில் ஒரு பெண் கைக்குழந்தையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அழுதாள். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுய்யா, கூலின்னு கூப்பிட்டாங்க, வந்தோம்."

என் பஸ்ஸுக்குள் ஆளுக்கு ஒன்று கத்தினார்கள். "எடு டிரைவரே! என்னா பாத்துக்கிட்டு நிக்கிற?"

சந்தானம் இறங்கிப் பின்னால் ஓடி விசில் ஊதினார். ரிவர்ஸ் கியரைப் போட்டேன். அந்தக் கியர் விழுகிற சத்தத்தை, வேலையில் சேர்ந்த அன்று கேட்டதோடு சரி. கண்ணாடியில் பார்த்தால் வளைவும் ஆறும் கலந்து ஒன்றாகத் தெரிந்தது. கொஞ்சம் எடுத்தேன். பஸ்ஸின் பின் சக்கரம் ஆற்றுப் பக்கம் சரிந்தது. "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று சந்தானம் அலறினார். ஜன்னல் ஓரப் பெண்கள் கூச்சல் போட்டார்கள்.

தம்பிகளே, உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு நிமிஷம் வரும். அப்போது சீட் ரொம்ப ஒட்டிக்கொள்ளும். இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போமே, வந்தாலும் வரும் என்று தோன்றும். எழுந்தால் நமக்குத் தெரியாது என்பது ஊருக்கே தெரிந்துவிடும், வேலை போய்விடும். அதைவிட, யாரால் எடுக்க முடியும் என்று எனக்குத் தெரியுமே! அவன் என் முதுகுக்குப் பின்னால் மீனோடு உட்கார்ந்திருக்கிறானே! ஊர் ஜனம் அத்தனை பேர் எதிரில் அவனுக்கா இந்த ஸ்டியரிங்கைக் கொடுப்பது? ஆற்றில் விழுந்தாலும் பரவாயில்லை என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தக் கணம் எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. டிரெய்லரிலா, என் பஸ்ஸிலா என்று தெரியவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு எழுந்தேன்.

"மச்சான், நீ வா."

தங்கராசு என் காதில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "நான் ஆஃப்ல இருக்கேன்டா. ரிப்போர்ட் ஆச்சுன்னா ரெண்டு பேருக்கும் சீட்டுக் கிழிஞ்சுரும்." சொல்லிக்கொண்டே டிரெய்லரைப் பார்த்தான். ஓடி வருகிறவர்களைப் பார்த்தான். பிறகு பையை என் நெஞ்சில் திணித்தான். "இந்தா, மீனைப் பிடி."

அவன் என் பஸ்ஸைப் பின்னால் எடுத்தான். நான் அவன் மீனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சரிந்த சக்கரத்தை முதலில் கொஞ்சம் முன்னால் விட்டு ஏற்றினான். அப்புறம் தலையை வெளியே நீட்டி, எச்சிலைத் துப்பிவிட்டு, அந்த வளைவில் கம்பி இழுத்த மாதிரி கொண்டுபோனான். சட்ரஸில் ஒதுக்கி நிறுத்தினான். டிராக்டர் எங்களை உரசிக்கொண்டு போயிற்று. அந்தப் பெண் கும்பிட்டாள். அவள் கும்பிட்டது டிரைவர் சீட்டைப் பார்த்து. எனக்கு உயிர் வந்தது, கூடவே வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கூட்டம் மூச்சிரைக்க வந்து பஸ்ஸைச் சுற்றிக்கொண்டது. அதற்குள் தங்கராசு சீட்டை விட்டு இறங்கி ஜனங்களோடு கலந்துவிட்டான். முன்னால் நின்றவர் எங்கள் தெருப் பெரியப்பா, சங்கத் தலைவர்.

"யாருய்யா டிரைவரு? எவன்டா அவனுகளுக்கு வழி விட்டவன்?"

சந்தானம் சமயோசிதக்காரர், ஆஃபில் இருக்கிறவன் பெயர் வெளியே வரக் கூடாது என்று அவருக்குத் தெரியும். "இவருதான் டிரைவர், இவருதான் பின்னால எடுத்தாரு" என்று என்னைக் கை காட்டினார்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பைக்குள் மீன் துள்ளியது.

"வண்டி ஓட்டுறவன் கையில எதுக்குடா மீனு?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஒருவர் சிரித்தால் போதும், கம்பு தானாகத் தாழும். அதற்குள் நடவு வேலைக்குப் போகும் பாக்கியம் அக்கா பஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவர்களைப் பிடித்துக்கொண்டாள். "பச்சைப் புள்ளைக்காரி உக்காந்து அழுவுறா, அவள மறிக்கத்தான் ஓடியாந்தீங்களாக்கும்! கூட்டியாந்த மிராசு வீட்டுல படுத்துக்கெடக்கான், அங்க போயிக் கேளுங்களேன்!"

"நாலு வார்த்தை கேக்கத்தான் வந்தோம் பாக்கியம்."

"நாலு வார்த்தைக்கு எதுக்கு இம்மாம் பெரிய கம்பு?"

அவர்கள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவ்வளவுதான். பஸ் கிளம்பிற்று.

அதற்குப் பின்னால் வந்ததுதான் வினை. பஸ்ஸில் இருந்தவர்கள் தங்கராசைக் காட்டிக்கொடுக்கவில்லை, அதனால் கதை பரவியபோது என் பெயரில் பரவியது. ஆற்றங்கரை வளைவில் உயிர்களைக் காப்பாற்றி ரிவர்ஸ் எடுத்த டிரைவர்! டிப்போவில் கையைக் குலுக்கினார்கள். தங்கராசு ஒரு மூலையில் நின்று பீடி குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். ஆசைப்பட்ட பெயர் வந்துவிட்டது. தின்னவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மேனேஜர் கூப்பிட்டு, "நீதானா அந்த ஆளு? உன்னைப் போய்ப் பெரிய ரோட்டுல வீணடிச்சிருக்கோமே" என்று சொல்லி, அடுத்த மாதத்திலிருந்து தங்கராசின் ரூட்டை எனக்குப் போட்டுவிட்டார். குளமும் பள்ளிக்கூடச் சுவரும் நெல் களமும் உள்ள அதே ரூட். அங்கே பஸ்ஸைக் குளத்தில் இறக்கினால் எந்தக் கண்டக்டரும் என்னைக் காப்பாற்ற முடியாது. வேலை போகும். அன்றைக்குத் தங்கராசு வண்டி எடுத்த விஷயம் வெளியே வந்து அவன் வேலையும் போகும்.

தங்கராசு எங்கள் வீட்டுக்கு வந்து கத்தினான். "ரிவர்ஸும் என்னுது, ரூட்டும் என்னுது. ரெண்டையும் தூக்கிட்டியேடா! சரி, அங்க எப்படித் திருப்புவ? மீனைப் பிடிச்சுக்கிட்டா?"

"அண்ணங்கிட்டயே கத்துக்கங்களேன்" என்றாள் சரோஜா.

அதற்குக் குளத்திலேயே இறக்கிவிடலாம் என்று தோன்றியது. ஆகவே இரண்டாம் தடவையாக ஸ்கூல் தேடிக் கிளம்பினேன். வேலையில் இருக்கிற டிரைவர், காக்கிச் சட்டையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, ஆஃப் நாளில் தஞ்சாவூருக்கு. அதற்குள் அங்கே ஸ்கூல் பல வந்திருந்தன. தங்கராசு படித்த இடத்துக்கு மட்டும் போவதில்லை என்று வைராக்கியம்.

இந்தத் தடவை ஒரே கேள்விதான் கையில் இருந்தது. "பின்னால வளைச்சு எடுக்க எங்க விடுவீங்க?" பெரிய போர்டு வைத்திருந்த இடத்தில், "அதெல்லாம் கடைசி நாள் காட்டிவிடுவோம்" என்றார்கள். காட்டிவிடுவோம் என்றால் அவர்கள் எடுப்பார்கள், நான் பார்க்க வேண்டும். தங்கராசு எடுத்ததை மீனோடு நின்று பார்த்தவன் நான், எனக்கு இனி பார்க்க என்ன இருக்கிறது? இன்னொரு இடத்தில் வண்டி புத்தம் புதுசு. ஒரு கீறல் விழுந்தாலும் நம் தலையில்தான் என்றார்கள். அந்தப் பயத்தோடு எவன் பின்னால் எடுப்பான்? வைராக்கியம் மத்தியானம் வரைக்கும்தான் தாங்கியது. ஒரு சந்துக்குள் இருந்த தங்கராசின் ஸ்கூல் வாசலில் போய் நின்றேன்.

கற்றுக்கொடுப்பவர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். நான் கேள்வியைக் கேட்டதும் கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு பழைய லாரி. அதற்குப் பின்னால் செங்கல் சுவர். சுவர் முழுக்க இடிபட்ட தடம். ஒரு இடத்தில் செங்கல் உதிர்ந்திருந்தது, ஒரு இடத்தில் லாரியின் பச்சைப் பெயிண்ட் அப்பியிருந்தது, ஒரு இடத்தில் சுவரே உள்வாங்கியிருந்தது.

"பூச மாட்டீங்களா?" என்றேன்.

"பூசிட்டா அடுத்து வர்றவன் பயந்துருவான். தான் ஒருத்தன்தான் இடிக்கிறோம்னு நெனச்சுக்குவான்."

மெதுவாகக் கேட்டேன். "எங்க ஊர்க்காரன், தங்கராசுன்னு ஒருத்தன் வந்திருப்பானே?"

"அவனா! அதோ, செவுரு உள்ள போயிருக்கு பாருங்க, அது அவன் கைங்கரியம். சொல்லச் சொல்லக் கேக்காம ஏத்திட்டான். அப்புறம் அந்த மூலையில உக்காந்து அழுதான். மறுநாள் விடியறதுக்கு முன்னாடி வந்து நிக்கிறான், இன்னொரு தரம் எடுக்குறேன்னு."

அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தேன். தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் பெரிய கோயிலைச் சுற்றிப் பார்ப்பார்கள், நான் அந்தப் பள்ளத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்தேன். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? தங்கராசு இடித்தான், அழுதான்! கொஞ்ச நேரம் கழித்துத்தான் அசல் பொறாமை வந்தது. இத்தனை நாள் அவன் கையைப் பார்த்தும் கண்ணைப் பார்த்தும் எரிந்துகொண்டிருந்தேன். அவனுக்குக் கிடைத்தது ஒரு சுவர். இடித்துவிட்டு உட்கார்ந்து அழவும், மறுநாள் வந்து இடிக்கவும் ஒரு சுவர். என் மாஸ்டர் நல்லவர், வீதி அகலம், வீடு பக்கம், லைசென்ஸ் கையில். அங்கே நான் எதிலும் இடிக்கவே இல்லை. முதல் இடி ஆற்றங்கரையில், வண்டி நிறைய ஜனத்தோடு வரப் பார்த்தது.

என் சிபாரிசு இவ்வளவுதான். போர்டைப் பார்க்காதீர்கள், பக்கமா என்று பார்க்காதீர்கள், சிரித்துப் பேசுகிறார்களா என்றும் பார்க்க வேண்டாம். கொல்லைப் பக்கம் போய்ச் சுவரைப் பாருங்கள். சுவர் சுத்தமாக இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். டிரைவர் வேலைக்கு மட்டும் இல்லை, எந்த வேலை கற்கப் போனாலும் அந்த வேலைக்கு ஒரு சுவர் இருக்கும்.

மாதம் பிறப்பதற்குள் வந்த ஆஃப் நாள் எல்லாம் அங்கேதான் கழிந்தது. எத்தனை தடவை இடித்தேன் என்று சொல்ல மாட்டேன். சரோஜாவிடம் யூனியன் மீட்டிங் என்று சொல்லிவிட்டுப் போவேன்.

புது ரூட்டில் முதல் நாள். கடைசி ஊர் வந்ததும் ஜனங்கள் இறங்கினார்கள். ஒருவர் மட்டும் இறங்காமல் பின் சீட்டில் இருந்தது கண்ணாடியில் தெரிந்தது. தங்கராசு. அவன் எப்போது ஏறினான் என்றே நான் கவனிக்கவில்லை. களத்தில் தூற்றிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி உரக்கச் சொன்னாள். "தங்கராசு அண்ணன் ஒரே எடுப்புல திருப்பும். இந்தாளு என்ன பண்ணுதுன்னு பாப்போம்."

தங்கராசு இறங்கிப் பின்னால் போனான். பஸ்ஸின் தகரத்தில் தட்டினான். "வரட்டும், வரட்டும். வரட்டும்."

தலையை வெளியே நீட்டினேன். குளம் தெரிந்தது. சுவர் தெரிந்தது. களத்துக்குள் வால் போயிற்று. ஒரே எடுப்பில் இல்லை. முன்னால் விட்டு, மறுபடி எடுத்து, மறுபடி முன்னால் விட்டு எடுத்துத் திருப்பினேன். பெண்கள் அதற்குள் சலித்துப்போய்த் தூற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நான் எடுக்காத ரிவர்ஸுக்கு டிப்போவே கை குலுக்கியது. ரூட்டில் நானே வளைத்து எடுத்த முதல் ரிவர்ஸை முடிவு வரைக்கும் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான்.

தங்கராசு வந்து ஜன்னலில் கையை வைத்தான். ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தான். நான் எங்கே போய்விட்டு வந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஸ்கூலில் கற்றவன் தலையை நீட்டுகிற விதத்தை அந்த ஸ்கூலில் கற்றவனுக்குத் தெரியாதா?

"எந்த மூலையில இடிச்ச?"

"உன் பள்ளத்துக்குப் பக்கத்துல."

அவன் சிரித்த சிரிப்பில் களத்துப் பெண்கள் மறுபடி திரும்பிப் பார்த்தார்கள். அவனைத்தான் பார்த்தார்கள்.

"என்னுது பெரிசா மாப்ள, உன்னுது பெரிசா?"

அவனுடையதுதான் பெரிசு. பாதிச் செங்கல் ஆழம் கூடுதல். இடிப்பதில்கூட அவன்தான் எனக்கு முந்தி.

"ரெண்டும் ஒரே அளவுதான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.